மாத்திரைச் சீட்டின் பின்பக்கம்

எட்டு நாளாக டிசைனர் குடை வரைந்துகொண்டிருந்தார். எட்டு நாளும் அது காளானாகவே வந்தது.

குடைக் கம்பெனிக்கு ஒரு லோகோ வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அறைச் சுவர் முழுக்கக் குடைப் படங்களை ஒட்டி, அதற்கு 'இன்ஸ்பிரேஷன் சுவர்' என்று பெயரும் வைத்துவிட்டார். பென்சில்களை உயர வரிசையில் அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"கைப்பிடியைக் கொஞ்சம் வளைச்சுப் பாருங்களேன்" என்று மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"இது கலை. உனக்குப் புரியாது" என்றார். அதையும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் காபி டம்ளரோடு வருவாள், காலி டம்ளரோடு போவாள்.

ஒன்பதாம் நாள் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "சொல்லுக்கா... அப்புறம்?" என்று போனில் அக்காவோடு பேசிக்கொண்டே எதையோ கிறுக்கினாள். பேசி முடித்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர் குடிக்க வந்த டிசைனர் மேஜையைப் பார்த்தார். அவருடைய வயிற்று வலி மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில், கையெடுக்காமல் ஒரே கோட்டில் ஒரு குடை. கைப்பிடி அழகாக வளைந்திருந்தது.

சுவரில் இத்தனை குடையை ஒட்டினால் பார்க்கிறவள் கையிலும் குடைதானே வரும், ஆக மூல காரணம் நான்தான் என்று தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டார். சீட்டைச் சட்டைப்பையில் போடும் முன் மட்டும் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கம்பெனி மேலாளர் அம்மாளுக்குக் குடை ரொம்பப் பிடித்துப்போனது.

"இது எப்படி சார் தோணுச்சு?"

"மூணு நாள் மழையில நனைஞ்சேன் மேடம்."

"இப்ப ஏது சார் மழை?"

"போன வருஷத்து மழை. மனசுல ஊற வச்சிருந்தேன்."

மேலாளர் அம்மாள் நெகிழ்ந்துபோய், குழந்தைகள் குடைக்கும் ஒரு படம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அது அசையவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "குழந்தைங்க குடைக்குப் படம் கேக்கறாங்க" என்று பெருமூச்சு விட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உங்க அக்கா நேத்து எனக்குப் போன் பண்ணாங்க."

"அக்காவா? போன்லயா?"

"ஆமா. உன் கை ருசி முன்ன மாதிரி இல்லைன்னு சொன்னாங்க."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா சொன்னா? இருக்கட்டும், கேக்கறேன்" என்று போனை எடுத்தாள்.

அரை மணி நேரம் சண்டை. பலன், வாத்துக்குஞ்சு மாதிரி ஒரு குட்டிக் குடை.

கோபம் வந்தால் அவள் கை இன்னும் நன்றாக ஓடுகிறது என்று டிசைனர் கண்டுபிடித்தார். ஷோரூம் சுவருக்குப் பெரிய படம் வேண்டும் என்றதும், அக்கா அவள் நிறத்தைப் பழித்ததாக ஒன்று, வளர்ப்பைக் குறை சொன்னதாக ஒன்று என்று வரிசையாக மூட்டிவிட்டார். வழக்கமாக அக்காவின் குரல் போனைத் தாண்டிக் கூடம் வரை கேட்கும். இப்போது மனைவியின் குரல் மட்டும்தான் கேட்டது. தப்பு அக்கா மேல்தானே, பாவம், என்ன பதில் சொல்வாள் என்று, தான் கட்டிய பொய்யைத் தானே நம்பினார். அந்தச் சண்டையில் பிறந்த படத்தில் ஒரு தெருவே குடை பிடித்தது. அதுவும் அவருடைய தடித்த வரைதாளில்.

கூடப் பிறந்தவர்களைப் பிரித்துப் பிழைக்கிறோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். 'இது கலை, உனக்குப் புரியாது' என்ற தன் குரலே காதில் கேட்கும். மூடிக்கொள்வார்.

அப்போதுதான் மேலாளர் அம்மாள் கூப்பிட்டார். "திறப்பு விழாவுல உங்க முதல் கிறுக்கலைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும் சார்."

"அது... மாத்திரைச் சீட்டு மேடம்."

"வயித்து வலியிலயும் வரைஞ்சிருக்கீங்க" என்று அவர் குரல் தழுதழுத்தது.

விழாவுக்கு வரவேண்டாம் என்று மனைவியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கூட்டம் இருக்கும், ஏசி ஒத்துக்கொள்ளாது என்றார். அவள் போர்வையை எடுத்துக்கொண்டாள். அக்காவையும் அழைத்துக்கொண்டாள். சமாதானம் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது என்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மனைவி வெகுநேரம் நின்றாள். சீட்டுக்குக் கீழே அவர் பெயர் தங்க எழுத்தில் இருந்தது.

"இங்கயா இருக்கு இது? மூணு வாரமா தேடறேன், மாத்திரை வாங்கணும்னு" என்றாள்.

மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். தனிமை, மௌனம், போன வருஷத்து மழை என்று பத்து நிமிஷம் பேசினார். எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவள் மனைவிதான். இறங்கி வரும்போது எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் என்றிருந்தது. பெரிய தப்பை ஒப்புக்கொள்ளத்தான் தைரியம் இல்லை, சின்னதையாவது இறக்கி வைப்போம் என்று அக்காவைத் தனியாக அழைத்துப் போனார்.

"அண்ணி, மூணு வாரமா நீங்க ரெண்டு பேரும் போன்ல சண்டை போட்டீங்களே, எல்லாம் நான் மூட்டிவிட்டது. மன்னிச்சிடுங்க."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு ஏது தம்பி போன்? அது தண்ணித் தொட்டியில விழுந்து ஒரு மாசமாச்சு, கை தவறிப் போட்டதே உங்க வீட்டுக்காரிதானே."