கோட்டுப் போட்ட மான்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். அதுவும் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு சனிக்கிழமை காலை, கையில் குறிப்பெழுதும் கொப்பியோடு. (ஒரு கோழியைக்கூடத் துரத்திப் பிடிக்கத் தெரியாதவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு சின்ன வீடியோ கேம் கம்பனியில் வேலை. ஆதிமனிதர்களைப் பற்றிய விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வேட்டை நிஜத்தில் நடந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். மான் மனிதனைவிட வேகமாக ஓடும். ஆனால் வெயிலில் ஓட ஓட அதற்கு உடம்பு சூடேறிவிடும். மனிதனோ வியர்த்து வியர்த்து நடந்துகொண்டே இருப்பான். இளைப்பாற விடாமல் தடம் பார்த்துப் பின்னால் போனால், கடைசியில் மான் களைத்து நின்றுவிடும்.

"எவ்வளவு தூரத்தில் வந்தால் மான் திரும்பிப் பார்க்கும்? எப்போது களைக்கும்? திங்கட்கிழமை எனக்குச் சொல்" என்றார் எங்கள் பத்ரோன், பிரெஞ்சு முதலாளி.

பாரிஸில் மானுக்கு நான் எங்கே போவேன்? யாராவது ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து பார்த்தால் போயிற்று என்று முடிவெடுத்தேன்.

இதில் ஒரு சிக்கல். மறுநாள் ஞாயிறு, பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் எனக்குப் பெண் பார்க்கும் நாள். 'கேம் செய்யிறது ஒரு வேலையோ' என்று கேட்டே மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண் வாசுகியைப் படத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. "இதையும் குழப்பினியெண்டால் நான் இனிப் பாக்கமாட்டன்" என்று அம்மா தொலைபேசியில் எச்சரித்திருந்தார்.

ரூ பெர்தொனே தெருவில் ஒருவர் அகப்பட்டார். அறுபது வயது, சாம்பல் கோட்டு, நிதான நடை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்தொடர்ந்தேன். நகைக்கடைக்குள் போனார், வெறுங்கையோடு வந்தார். புடவைக்கடையிலும் அப்படியே. 'மேய்கிறது, ஆனால் எதையும் தின்னவில்லை' என்று எழுதினேன். மூன்றாவது, நான் வழமையாகச் சாப்பிடும் கடை. முதலாளி கண்ணாடி வழியாக என்னைக் கை காட்டினார். நானும் சந்தோசமாகக் கையசைத்தேன். (மூளை என்று ஒன்று இருந்தால் அப்போதாவது வேலை செய்திருக்கும்.)

அதற்குப் பிறகு மான் வேகமெடுத்தது. ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மேலும் கீழுமாக என்னை நான்கு தரம் நடத்தியது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. கடைசியில் மெட்ரோ வாசலுக்குப் பக்கத்து வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு நேரத்தைக் குறித்தேன்.

"தம்பி, என்னத்துக்கு எனக்குப் பின்னாலை திரியிறீர்?"

உண்மையைச் சொன்னேன். ஆதிமனிதன், வியர்வை, மான், எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான்தான் மானோ?"

"ஓம் அண்ணை."

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். கோட்டும் டையுமாக அதில் சிரித்துக்கொண்டு நின்றது நான்.

சம்பந்தம் பேசினால் பெண் வீட்டார் கடை கடையாக மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அது எனக்குத் தெரியாததா? வாசுகியின் அப்பா அன்று விசாரித்துக்கொண்டு திரிந்தது என்னைப் பற்றி!

"எல்லாரும் நல்ல பெடியன் எண்டுதான் சொல்லிச்சினம்" என்றார். "விசர் பிடிச்சவன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

பிறகு படத்தைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

வரவேண்டாம் என்று யாரும் சொல்லாததால் மறுநாள் போனேன். கதவைத் திறந்தவரும் அவர்தான். "வாரும். சாப்பாட்டுக் கடையிலையே உம்மைக் கண்டிட்டன். எப்ப விட்டிட்டுப் போவீர் எண்டு பாக்கத்தான் பிறகு சுத்தினனான். என்ரை கால் போச்சு, நீர் போகேல்லை" என்றார். தேநீர் கொண்டுவந்த வாசுகிக்குச் சிரிப்பில் தட்டு ஆடியது.

"அப்பா எத்தினை தரம் திரும்பிப் பாத்தவர்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் கொப்பியை எடுத்து வாசித்தேன். கலியாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்பாள் அவள்.

விளையாட்டு வெளிவந்து, மறந்தும்போயிற்று. நான் இன்றைக்கும் மிகச் சந்தோசமாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மாமாவும் நானும் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போவோம். அரிசி மூட்டை என் தோளில், மரக்கறிப் பைகள் என் கையில். மாமா கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். நான் மூச்சு வாங்கி நின்றால் திரும்பிப் பார்த்து, கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்:

"பின்னாலை வாரும் தம்பி. உமக்குப் பழக்கம்தானே!"