எலும்புக் கோட்டை ராணியும் மூன்று உறைகளும்

பொருளைப் பயன்படுத்த வாங்குகிறவர்கள் ஒரு ரகம். பத்திரமாக வைப்பதற்கென்றே வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் பெரிதாக மெனக்கெட வேண்டாம். அவர்கள் வீட்டு சோபாவில் ஒருதரம் உட்கார்ந்தால் போதும். கடையிலிருந்து வந்த அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் அதன்மேல் இருக்கும், உட்காரும்போது முனகும், எழுந்திருக்கும்போது உங்கள் முதுகை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட சோபாவுக்குச் சொந்தக்காரர்தான் நாம் பார்க்கப்போகிறவர். பார்சல் ஆபீஸில் பொட்டலம் கட்டும் மேசையில் அவருக்கு வேலை. ஊரார் சாமான்களை வைக்கோலிலும் அட்டையிலும் பொதிந்து, நாடா ஒட்டி, தட்டிப் பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் ஆபீஸில் அவர் பெயரே 'பத்திரம்' என்று ஆகிவிட்டது. வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்கள் பெட்டியைவிட்டு இறங்கியதே இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "சமயம் வரட்டும், எடுக்கலாம்." என்ன சமயம்? எப்போது வரும்? யார் வந்து சொல்வார்கள்? அதெல்லாம் அவருக்கும் தெரியாது.

இவரிடம்தான் 'எலும்புக் கோட்டை ராணி' வந்து சிக்கினாள்.

அது ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகம். அட்டையில் பனி கொட்டும் மலை. அதன்மேல் சட்டை இல்லாமல் ஒரு வாள்வீரன். அவ்வளவு குளிரில் ஏன் சட்டை இல்லை என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்து வாள்வீரர்கள் யாருமே சட்டை போட்டதில்லை. எதிரே, விரல் நுனிகளில் பச்சைப் புகை கக்கும் மந்திரக்கார ராணி. சின்ன வயதில் அவரும் அவருடைய அக்காவும் இந்தத் தொடரை ஒன்று விடாமல் படித்தவர்கள். படித்தவர்கள் என்ன, அக்கா படிப்பாள், தம்பி கேட்பார். ராணியின் குரலில் அக்கா பேசினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழும். கடைசிக்கு முந்தின இதழில் ராணி வாள்வீரனின் குதிரையைப் பிடித்துவைத்துக்கொண்டு, வாளைக் கீழே போடு, இல்லையென்றால் உன் குதிரை கல்லாகிவிடும் என்கிறாள். அதோடு 'தொடரும்'. கடைசி இதழ் அவர்கள் தெருக் கடைக்கு வரவே இல்லை.

வாளைப் போட்டிருப்பான் என்றாள் அக்கா. போட்டிருக்கவே மாட்டான், வாளைப் போட்டால் அப்புறம் அவன் என்ன வாள்வீரன் என்றார் தம்பி. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, தலை நரைத்து, அக்கா பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகும், குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தியில் உட்கார்ந்தவுடன் குதிரை விஷயம் வந்துவிடும்.

அந்தக் கடைசி இதழ்தான் ஒரு பழைய புத்தகக் கடைக் குவியலில், சமையல் புத்தகத்துக்கும் ரயில்வே அட்டவணைக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்தது. அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். நீங்களோ நானோ அதைத்தான் செய்திருப்போம். அவர் செய்யவில்லை. விரல் ஈரம் பட்டுவிடுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, கை கழுவி, துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் உறைகள் போட்டு, ஓரங்களை நாடாவால் அடைத்து, பீரோவின் மேல்தட்டில் படுக்கவைத்தார். ஒருநாள் நல்ல வெளிச்சத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவசரமில்லாமல் உட்கார்ந்து படிப்பதாகத் திட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கை தூரத்தில் வைத்து அட்டையை மட்டும் காட்டுவார். யாராவது கையை நீட்டினால் புத்தகம் பின்வாங்கும்.

சேதி கேள்விப்பட்டு அக்கா பஸ் ஏறி வந்தாள். சாப்பாடு முடிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் கண்ணுல ஆபரேஷன். ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. இருந்தாலும் அதுக்கு முன்னாடி அந்தக் குதிரை என்ன ஆச்சுன்னு பாத்துடறேன்டா."

அவர் பீரோவைப் பார்த்தார். ஒட்டிய நாடாவை நினைத்தார். அதைப் பிய்த்தால் அட்டையின் பளபளப்பு என்னாகும், மறுபடி அதே மாதிரி ஒட்ட வருமா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. வாய் தன் பாட்டுக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னது.

"ஆபரேஷன் முடியட்டும்க்கா. அப்புறம் நல்லா தெளிவா பாக்கலாமே."

அக்கா சண்டைக்கு வரவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். இரண்டு நாள் தங்குவதாக வந்தவள், மறுநாள் காலை முதல் வேலையாக, ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தாள். துவைத்துப் போட்டிருந்த துண்டை ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தாள். அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"உங்க அக்காவுக்கும் ஒரு கவர் போட்டு மேல வெச்சுடுங்க. பத்திரமா இருப்பாங்க."

சுருக்கென்று தைத்தது. அவர் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

முதல் உறை கழன்றது. இரண்டாவது கழன்றது. மூன்றாவதை வெட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஆபரேஷன் அவருக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி இறங்கி, யாரையும் லட்சியம் செய்யாமல், வயிறு நிறைந்தவர்களுக்கே உரிய நிதானத்தோடு மேசை விளிம்பை நோக்கி நடந்துபோனது.

குவியலில் இருந்தபோதே குடியேறிய பூச்சி. அதையும் சேர்த்துத்தான் மூன்று உறை போட்டு, காற்றுப் புகாமல், எதிரி அண்டாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அவர் படிக்காத புத்தகத்தை அது படித்துக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இருக்கறதைப் படிப்போம்" என்றவள், முதல் பக்கத்திலேயே ராணியின் குரலை எடுத்துவிட்டாள். வயதாகி அந்தக் குரல் இன்னும் கொடூரமாகியிருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். எலும்புக் கோட்டையின் கதவு திறந்தது. இரட்டைத் தலைப் பாம்பு வெட்டுப்பட்டது. பச்சைப் புகை சூழ்ந்தது. ராணி குதிரையின் பிடரியில் கை வைத்தாள். அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே பெரிய ஓட்டை. வாள்வீரனின் கால் மட்டும் மிஞ்சியிருந்தது.

அடுத்த பக்கத்தில் அவன் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தான். குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பில் வாளும் இருந்தது. ராணியைக் காணோம். கீழே 'முற்றும்'.

அக்கா ஓட்டைப் பக்கத்துக்கே திரும்பிப் போய், அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போட்டுட்டு, அவ அசந்த நேரம் பாத்துத் திரும்ப எடுத்திருக்கான்" என்றாள் அக்கா.

"இல்லக்கா, போடவே இல்ல. நல்லா பாரு, வாள் உறையில எவ்வளவு அழகா இருக்கு" என்றார் தம்பி.

மனைவி, குதிரையே ராணியை உதைத்துத் தள்ளியிருக்கும், நீங்கள் இரண்டு பேரும் குதிரையை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை என்றாள். சண்டை மும்முனையாகி, பஸ் போய்விட்டது. ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று. அட்டையின் ஓரம் கிழிந்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரர் பிற்பாடு சொன்னார்.

அக்காவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம்மவர் அதோடு திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எழுதுகிறவனுக்கும் நிம்மதி. ஆனால் போன மாதம் அதே இதழின் ஓட்டையில்லாத இன்னொரு பிரதி அவருக்குக் கிடைத்திருக்கிறது. எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். என்னதான் நடந்தது, படித்துச் சொல்லு என்று அக்கா தினமும் போனில் கேட்கிறாள். "நீ வந்ததும் சேர்ந்து பிரிக்கலாம்க்கா" என்கிறார். இந்தத் தடவை நாலு உறை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் அலமாரியில் விருந்தாளிக்கென்று மடித்து வைத்த படுக்கை விரிப்பு எந்த விருந்தாளியைப் பார்த்தது? பரிசாக வந்த அந்த நல்ல பேனா இதுவரை என்ன எழுதியது? பதில் சொல்ல வேண்டாம். அவசரமே இல்லை. இதைப் படிக்க ஆரம்பித்து, அடடே, இதை நிதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசித்துப் படிக்க வேண்டும் என்று பாதியில் ஓரம் மடித்து வைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதியது. அவர்கள் இந்த வரிக்கு வரப்போவதே இல்லை.