ஏலக்காய்ச் சாயமும் என் இரண்டு இமைகளும்

பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் புதிதாக எதையும் செய்து பார்க்கக் கூடாது. நான் செய்து பார்த்தேன், அதுவும் கண்ணில். (வயது பத்தொன்பது. புத்தி அதில் பாதி.)

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் எங்கள் மலைத் தோட்டங்களில் சில வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு துரைசாணி போடி கடைவீதியில் காரை நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கினாள். இமை இரண்டும் பச்சை! கண்ணுக்குக் கறுப்பு மையை விட்டால் வேறு நிறம் உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாலு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பா ஏலக்காய் வியாபாரி. "நம்ம காயி மலையில வெளஞ்ச நெறம். சாயங்கிற பேச்சே கெடையாது" என்று ஊரெல்லாம் நெஞ்சைத் தட்டுவார். வெளிறிய காய்க்குப் பச்சை ஏற்றும் பொடி பின்கட்டில் ஒரு தகர டப்பாவில் இருந்தது வீட்டுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். எனக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அடி ஆத்தி! என்னடி கோலம் இது? வெரசா கழுவு, கம்பத்து பஸ்சு வந்துருச்சு, மாப்ள வீட்டுக்காரவுக எறங்கிருப்பாக!"

சீயக்காய் போட்டேன், கடலை மாவு போட்டேன். பச்சை புருவம் வரை ஏறியதுதான் மிச்சம்.

காபித் தட்டோடு குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா, "நிமிந்து பாரு தாயி" என்றார். நிமிர்ந்தேன். அந்த அம்மாள் முந்தானையால் என் இமையைத் துடைத்து, முந்தானையைக் கணவரிடம் நீட்டினார். அவரும் ஏலக்காய் வியாபாரி. கறையை விரலால் தேய்த்தார், முகர்ந்தார். சம்பந்தத்தோடு அப்பாவின் பேரும் போகப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"மச்சான், இது காய்க்குப் போடுற சாயமில்ல? நயம் பொடியாச்சே, எங்க வாங்குனீக?"

அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள்: "பாத்ததுமே எப்பிடிண்ணே கண்டுபிடிச்சீக?"

இப்போது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வியர்த்தது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "எங்க வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கு அத்தே, பரண் மேல."

"டேய்!" என்றார் அவர் அப்பா. அதற்குள் என் அப்பா சிரித்துவிட்டார், பிறகு அவரும் சிரித்தார், எனக்குக் கண்ணில் நீர் வந்து கன்னமெல்லாம் பச்சையாக இறங்கியது. ஒருவர் குட்டு மற்றவர் கையில். சம்பந்தி ஆவதைத் தவிர இருவருக்கும் வேறு வழியில்லை. அன்றே தட்டு மாற்றினார்கள்.

இன்றும் யாராவது எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தார்களா என்று கேட்டால், என் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள்: "ஜாதகமெல்லாம் பாக்கலை. சாயப் பொருத்தம் மட்டுந்தான், பத்துக்குப் பத்து!"