முசியே கஸ்தோன் காய்ச்சிய கடல்

வங்காள விரிகுடாவைக் குடிதண்ணீராக்கிவிடுவது என்று முசியே கஸ்தோன் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது காபியின்போது முடிவு செய்தார்.

அது 1934 கோடை. சைகோன் சுங்க இலாகாவில் இருபத்தைந்து வருஷம் முத்திரை குத்திவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தார். இங்கே முத்திரை குத்த ஒன்றும் அகப்படாததால், மனைவி இருதயமேரியின் சமையலறையில் நின்று, குழம்புக்கு எவ்வளவு புளி, அடுப்புக்கு எத்தனை விறகு என்று சோதனை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகைதான் அவளைக் காப்பாற்றியது. வெயிலும் கண்ணாடியும் இருந்தால் உப்புத் தண்ணீர் ஆவியாகி நல்ல தண்ணீராக வடியும் என்று அதில் போட்டிருந்தது.

உடனே அவள் அலமாரிக் கதவின் கண்ணாடி கழன்றது. மொட்டை மாடியில் தார் பூசிய பெட்டி. மேலே சரிவாக அந்தக் கண்ணாடி. ஓரத்தில் ஒரு தகரக் குழாய், அதனடியில் கூஜா. தினமும் விடிந்ததும் கடலிலிருந்து இரண்டு குடம் கொண்டுவருவது அவர் வேலை. பெட்டியில் ஊற்றுவது அவள் வேலை. ஊற்றிய பிறகு திறந்தால் ஆவி போய்விடும், யாரும் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

முதல் நாள் முழு வெயிலுக்கும் அரை டம்ளர் சொட்டியது. மனம் உடைந்த விஞ்ஞானி மறுநாள் சமையலறைக்கே திரும்பி, ரசத்தில் மிளகை எண்ணினார்.

அதற்கடுத்த நாள் கூஜா நிரம்பியிருந்தது. பெட்டியைக் கொஞ்சம் தெற்குப் பார்த்துத் திருப்பி வைத்ததாக இருதயமேரி அடக்கத்தோடு சொன்னாள். அன்றிலிருந்து கஸ்தோனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடற்கரையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஆவியின் மகிமையை விளக்கிவிட்டு வீடு திரும்ப ஒன்பது மணியாகும்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், அடுத்த வீட்டு அருளானந்தத்தையும் அவர் மனைவி ஞானமேரியையும் அழைத்துவந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். தெருக் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருக்கிறதே என்றார் அருளானந்தம். அவருடைய நாக்குக்காகக் கஸ்தோன் பரிதாபப்பட்டார். நாளைக்கே கவர்னருக்குக் கடிதம் எழுதப்போவதாகவும், பெரிய அதிகாரிகள் இந்த மாடிக்கு வரப்போவதாகவும் அறிவித்தார். பிறகு, விருந்தாளிகளுக்காகச் சட்டத்தைத் தளர்த்தி, ஆவி படிந்திருந்த கண்ணாடியைத் தூக்கினார்.

உள்ளே வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாக ஏதோ ஈரத்தோடு உலர்ந்துகொண்டிருந்தது.

“இருதயம், இது என்ன?”

“ஜவ்வரிசி வடாம். காக்கா தொல்ல இல்ல பாருங்க.”

“நான் கொண்டாந்த கடல் தண்ணி?”

“அதுலதான் வீட்டு முத்தம் கழுவுறேன்.”

“அப்ப கூஜாவுல?”

“குழாய்த் தண்ணி. நீங்க கடலுக்குப் போனாத்தான் ஒம்போது மணி வரைக்கும் நான் நிம்மதியா சமைக்க முடியுது. கவர்னருக்கு மட்டும் எழுதிடாதீங்க. அத்தினி பேருக்கும் நாந்தான் குழாயடியில நிக்கணும்.”

கஸ்தோன் ஆண்பிள்ளை ஆதரவு தேடி அருளானந்தத்தைப் பார்த்தார். அருளானந்தம் தம் மனைவியைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஞானமேரி ஒரு வடாத்தை ஒடித்துப் பார்த்துவிட்டு, இருதயமேரியின் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் தயாராக இருந்த குடங்களைக் கஸ்தோன் எடுத்துக்கொண்டு போனார். கடற்கரையில் அருளானந்தம் இரண்டு குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குள் பெட்டி செய்தாகிவிட்டதா என்று கேட்டார் கஸ்தோன்.

“பெட்டியெல்லாம் வேணாமாம்,” என்றார் அருளானந்தம். “குடத்த மட்டும் குடுத்து அனுப்பிட்டா.”