பச்சை விளக்குப் பள்ளிக்கூடம்

எங்கள் பகுதிக்கு ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் அவசியம் தேவை என்று பலகட்ட ஆலோசனைக்குப் பிறகு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் ஆலோசனையையே ஆரம்பித்தார்கள்.

அதனால் என் ஆறு வயதுத் தங்கை பள்ளிக்கூடமே பார்க்காமல் அம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பள்ளிக்கூடம் லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். புதுக் கட்டடத்தில் இடம் கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் அவளுக்குத் துணிதான். நான் சொல்லிக்கொடுக்கலாமே என்பீர்கள். நானே பாதியில் நின்றவள். பொறுமையும் கிடையாது.

திட்ட அதிகாரியை நாங்கள் பச்சைச் சட்டை என்றுதான் சொல்வோம். மரம் நடும் விழாவுக்கு ஒரு தடவை பச்சையில் வந்தார், கைதட்டினார்கள், அப்புறம் வேறு நிறமே போடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவர் முழங்கினார்: "இது வெறும் பள்ளிக்கூடம் இல்லைங்க. நீடித்து நிலைக்கும் பள்ளிக்கூடம்!"

"பழசும் நீங்க புல்டோசர் அனுப்புற வரைக்கும் நிலைச்சுத்தானே சார் இருந்தது?" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

கட்டடம் எழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. மண் செங்கல், கூரையில் சூரியத் தகடு, சுவரெல்லாம் கொடி. வாசலில் ஒரு பெரிய பலகை. உள்ளே காற்று சுத்தமாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும், கெட்டுப்போனால் சிவப்பு. ஆளில்லாத கட்டடத்தில் அது இரவும் பகலும் பச்சையாகவே எரிந்தது. தலைநகரத்தில் மகிழ்ந்துபோய் விருது அறிவித்தார்கள். விருதுக் குழு நேரில் வரும்போது பச்சை எரிய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பள்ளி திறந்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். மணிச் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விளக்கு சிவந்தது.

பச்சைச் சட்டை ஓடி வந்தார். "உள்ளே யாரு?"

"பிள்ளைங்க சார்," என்றார் தலைமை ஆசிரியை.

"என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணலை சார். மூச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க."

"எல்லாருமா?"

"ஆமா சார். வழக்கமா எல்லாரும் விடுவாங்க."

"திட்டத்துல இது வரவே இல்லையே!"

வாசலில் நின்ற என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஜன்னலைத் திறங்க சார்."

"திறக்கிற மாதிரி ஜன்னல் வைக்கலைம்மா. வெளிக்காத்து உள்ளே வந்து கெடுத்துடும்ல?"

"அப்ப பிள்ளைங்க?"

"அதாம்மா சிக்கலே. அவங்களும் வெளியிலேருந்துதான் வர்றாங்க."

பிள்ளைகளை வெளியேற்றினார்கள். கட்டடம் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. வாசலில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: 'சுவாசத்தால் ஏற்படும் மாசினைக் குறைக்கும் பொருட்டு, குறைவாக மூச்சு விடும் மாணாக்கர் மட்டுமே, உரிய தேர்வின் அடிப்படையில், சேர்த்துக்கொள்ளப்படுவர் என்பது இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.'

பெற்றோர்கள் திரண்டு போய்ச் சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். திரண்டுதான் போனார்கள், நீச்சல் மாஸ்டர் வீட்டுக்கு. அதுவரை ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், 'மூச்சுத் தேர்வுப் பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டிவிட்டார்.

தண்ணீர்க் குழாயடியிலும் அதே பேச்சு.

"எங்க பையன் நூறு எண்ணுற வரைக்கும் அடக்குறான்," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"யாருக்கா எண்ணுறது?"

"அவங்கப்பாதான். அவனுக்கு எங்கே எண்ணத் தெரியும்?"

எங்கள் வீட்டில் அம்மா தையலை நிறுத்திவிட்டுத் தங்கையின் மூக்கைப் பிடித்தாள்.

"அம்மா, விடும்மா! முகம் ஒரு மாதிரியா ஆகுது பாரு!"

"நீ சும்மா இருடி. இவளாவது படிக்கட்டும்."

தங்கை தேறிவிட்டாள். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எதிர்வீட்டுப் பையன் தேர்வில் தும்மித் தொலைத்தான். அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. தேறியவர்களுக்கு வகுப்பு நடந்தது. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று டீச்சர் கேட்டால் விரலைக் காட்டுவார்கள். பாட்டு, வாய்ப்பாடு, விளையாட்டு மூன்றும் மறு உத்தரவு வரும்வரை கிடையாது.

விருதுக் குழு வந்தது. விளக்கு பச்சை. குழுத் தலைவி ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்து, "இவ்வளவு ஒழுக்கமான பிள்ளைங்களை நான் எங்கேயுமே பார்த்ததில்லை!" என்று உருகினார். பச்சைச் சட்டை பணிவாகத் தலை குனிந்தார். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

திரும்பும்போது வாசலில் என்னைப் பார்த்து நின்றார் அந்தம்மா. "நீ சொல்லும்மா. இந்தப் பள்ளிக்கூடத்துல ஏதாவது குறை இருக்கா?"

ஒன்றா இரண்டா? எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. எதிரே திறக்காத ஜன்னலுக்குப் பின்னால் தங்கை, கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் அவள் மறுபடியும் மெஷினுக்குக் கீழே.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தம்மா பூரித்துப்போய்ப் பச்சைச் சட்டையின் பக்கம் திரும்பினார். "பரவாயில்லையே! பிள்ளைங்க மட்டும் இல்லை, ஊர் முழுக்கவே நல்லாப் பயிற்சி குடுத்து வச்சிருக்கீங்க."