லோர்னாவுக்குப் பனி, வென்டெலுக்குப் பூனை

வரப்போகும் குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளும் மண்வெட்டியைக் கையாலும் தொடுவதில்லை என்று வென்டெல் க்ராக்கர் சபதம் எடுத்தபோது, அமெரிக்காவின் நாஷுவா நகரில் மரங்கள் இன்னும் இலையைக்கூட உதிர்த்து முடிக்கவில்லை. 1984ஆம் வருடம் அது.

அதற்கு முன்னால் சபதத்துக்கே அவசியம் இருக்கவில்லை. பனி விழுந்தால் வென்டெலுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பனி நின்றால் விட்டுவிடும். வியாழக்கிழமை பௌலிங் பந்து உருட்டப் போகும்போது முதுகு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு நினைவிருக்காது. அவன் மனைவி லோர்னா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்காரி. எட்டு மணிக்கு அங்கே இருக்கவேண்டியவள், விடியுமுன் எழுந்து கராஜிலிருந்து தெருவரைக்கும் பனியை அள்ளித் தள்ளுவாள். அள்ளி நிமிர்ந்ததும் நகராட்சி வண்டி வந்து, தெருப்பனியையெல்லாம் வழித்து அவர்கள் வாசல் முனையில் குவித்துவிட்டுப் போகும். மறுபடி அள்ளுவாள். வென்டெல் உள்ளே காபிக் கோப்பையோடு நின்று அனுதாபப்படுவான்.

அந்த அக்டோபரில் லோர்னா பொங்கிவிட்டாள்.

"இந்த வருஷம் ஆளுக்குப் பாதி. பனி, பாத்திரம், குப்பை, எல்லாமே பாதி."

"என் முதுகு இருக்கே, செல்லம்..."

"அதை வியாழக்கிழமை எங்க கழட்டி வைக்கிறியோ, அங்கயே வச்சுட்டு வா."

வென்டெல் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியன். உலகத்தில் எங்கே எந்த மலை இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வாசல் முனையில் இருக்கும் மலையைத்தான் கண்டுகொள்ளமாட்டான். அதைத் தவிர்க்க அவனிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. கோடையில் வாங்கிய கம்ப்யூட்டர். பச்சை எழுத்துத் திரை, ஃபிளாப்பி விழுங்க ஒரே வாய். வீட்டு நிர்வாகத்துக்கு என்று சொல்லி வாங்கினான். அதுவரை அது நிர்வகித்தது விண்கற்களைச் சுடும் விளையாட்டை மட்டும்தான்.

"நாம பிரிச்சா சண்டைதான் வரும் லோர்னா. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுப் பிரிக்கட்டும். அதுக்கு நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு."

"சரி," என்றாள் லோர்னா. இத்தனை சுலபமாக அவள் சரி சொன்னதில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

மெஷினோடு வந்த பேசிக் மொழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினான். இரண்டு பெயரைக் கொடுத்தால் வேலை பிரித்துச் சொல்லும். சொன்னது: லோர்னாவுக்குப் பனி, பாத்திரம், குப்பை. வென்டெலுக்குப் பூனைக்குச் சாப்பாடு.

லோர்னா கையேட்டை எடுத்தாள், புரட்டினாள், ஒற்றை விரலால் 'லிஸ்ட்' என்று தட்டினாள். அவன் எழுதியது அத்தனையும் பச்சைப்பசேலென்று திரையில் ஏறி நின்றது. நடுவே ஒரு வரி: பெயர் லோர்னா என்றால் பனி.

"இது என்ன வென்டெல்?"

"அது... சும்மா ஒரு உதாரணம்."

"அப்ப உதாரணமா நீயே போய்க் குப்பையைக் கொட்டிட்டு வா."

வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தான் அர்மான் தீபோ. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். குப்பைத் தொட்டியோடு நின்ற வென்டெல் அவனிடம் மனசைக் கொட்டினான். குப்பை அப்படியே இருந்தது.

"பேசிக்ல எழுதினியா? கெட்டுது போ," என்றான் அர்மான். "அது வாசக்கதவைத் திறந்து வச்சுட்டுத் திருடுற மாதிரிப்பா. உனக்கு வேண்டியது கம்பைலர்."

"அது என்ன பண்ணும்?"

"நீ எழுதினதை அரைச்சு, மெஷினுக்கு மட்டும் புரியற மாதிரி மாவாக்கிடும். உள்ள என்ன இருக்குன்னு யார் பாத்தாலும் தெரியாது. எழுதினவனே பாத்தாலும் தெரியாது."

வென்டெலுக்குக் கண் கலங்கிவிட்டது. மனித குலத்துக்கு இப்படி ஒரு நன்மை செய்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும்.

கலிஃபோர்னியாவிலிருந்து தபாலில் வந்தது பாஸ்கல் கம்பைலர். ஒரு ஃபிளாப்பி, செங்கல் கனத்தில் ஒரு கையேடு. முதல் பக்கத்திலேயே, 'வணக்கம்' என்று திரையில் எழுதும் குட்டி நிரல். நாலைந்து வரிதான். வென்டெல் அதை அப்படியே தட்டினான். ஒரு ஃபிளாப்பியை உருவி மறு ஃபிளாப்பியைச் சொருகினான். மெஷின் உறுமியது. பிறகு சொன்னது: மூன்றாம் வரி, அரைப்புள்ளி இல்லை.

மூன்றாம் வரியை மேலும் கீழும் பார்த்தான். குற்றம் இல்லை. குற்றம் இரண்டாம் வரியின் கடைசியில் இருந்தது. அது வந்து மாட்டிக்கொண்டது மூன்றாம் வரியில். அரைப்புள்ளி வைத்தான். உருவினான், சொருகினான். இப்போது கடைசியில் முற்றுப்புள்ளி இல்லையாம். காலமெல்லாம் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தவனை ஒரு மெஷின் பச்சை மையால் சுழித்தது.

லோர்னா துணி மடித்தபடி கதவு நிலையில் சாய்ந்தாள்.

"என்ன, இன்னுமா?"

"இது பாஸ்கல். கொஞ்சம் கண்டிப்பான மொழி."

"பேரு பொருத்தம்தான். நீயும் பாஸ் ஆகல, அதுவும் கல்லாட்டம் உக்காந்திருக்கு."

"சும்மா இரேன். தப்புத் தப்பாக் கண்டுபிடிச்சு உயிரை வாங்குது."

"உன்கிட்டயா? அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

ஆனால் திரையில் 'வணக்கம்' வந்தது. வந்தபோது வென்டெல் எழுந்து நின்று அதற்குப் பதில் வணக்கம் சொன்னான். அதன்பின் அவனைப் பிடிக்க முடியவில்லை. பௌலிங்குக்கு முழுக்குப் போட்டான். பள்ளி விட்டதும் நேரே மெஷின். வேலைப் பங்கீட்டு நிரல் திரை திரையாக வளர்ந்தது. லோர்னா அந்தப் பக்கம் வந்தால் செய்தித்தாளை விரித்துத் திரையை மூடினான்.

எல்லாம் எழுதி முடித்த சனிக்கிழமை மதியம் கம்பைலர் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. முடிவு இல்லை என்றது. எந்த வரியைத் திருத்தினாலும் முடிவு இல்லை.

"என்னய்யா முடிவு வேணும் உனக்கு!" என்று மேஜையைக் குத்தினான்.

"என்ன சொல்லுது?" அடுக்களையிலிருந்து லோர்னாவின் குரல்.

"எதையோ ஆரம்பிச்சிருக்கேனாம், முடிக்கலையாம்!"

"கராஜ் கதவு, நிலவறைப் பெயின்ட், உங்க அத்தைக்கு எழுத ஆரம்பிச்ச கடுதாசி. அதுக்குக்கூடத் தெரிஞ்சு போச்சா?"

வென்டெல் விறைத்து நின்றான். பிறகு எண்ணினான். ஆரம்பம் என்று தட்டிய இடத்துக்கெல்லாம் முடிவு என்று ஒன்று வேண்டும். ஒன்று குறைந்தது! தட்டினான். உருவினான், சொருகினான். மெஷின் உறுமி, இருமி, அடங்கியது. பிழை இல்லை.

பிழை இல்லை! பூனையைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று ஆடினான். ஓட்டிப் பார்த்தான். லோர்னாவுக்குப் பனி, வென்டெலுக்குப் பூனை. மறுபடி ஓட்டினான். அதே நியாயம். பிறகு அரைத்த மாவைத் திறந்து பார்த்தான். சீட்டுக்கட்டு இதயமும் ஸ்பேடும் சிரித்த முகங்களுமாக ஒரே கிறுக்கல். அதில் அவன் அயோக்கியத்தனம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. மகா திருப்தி. கடைசியாக, தான் எழுதிய மூல நிரலைத் தடயம் இல்லாமல் அழித்தான்.

அன்று சாயங்காலமே திறப்பு விழா. சாட்சிக்கு அர்மானும் அவன் மனைவி ஓடெட்டும் சுடச்சுட இறைச்சி அடைத்த அப்பத்தோடு வந்தார்கள். வெளியே வருடத்தின் முதல் பனி மும்முரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல சோதனை போட்டுக்க லோர்னா," என்று வென்டெல் பெருந்தன்மையாக நாற்காலியை இழுத்துப் போட்டான். "உள்ள என்ன வேணா பாரு."

லோர்னா பார்த்தாள். திரை முழுக்கச் சிரித்த முகங்கள்.

"ஒண்ணும் புரியலையே."

"யாருக்கும் புரியாது. அதான் நியாயம்," என்றான் வென்டெல். அர்மான் இருமலை அடக்கினான்.

"அப்ப இதுக்கு ஆள் வித்தியாசமே தெரியாதா?"

"துளிகூடத் தெரியாது. காசு சுண்டிப் போடுற மாதிரி."

"பேரு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்?"

"பேருல என்ன இருக்கு லோர்னா? எல்லாம் வெறும் எழுத்து!" ஊர்க்கூட்டத்தில் பேசுவது போல் கையை விரித்தான்.

"நல்லதாப் போச்சு," என்று லோர்னா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்ப இந்த மெஷினைப் பொறுத்தவரைக்கும் நான் வென்டெல். நீ லோர்னா."

அறையில் பூனை மட்டும்தான் அசைந்தது.

"அது... அப்படிப் போட்டாக் குழப்பம்..."

"யாருக்குக் குழப்பம்? அதுக்குத்தான் ஆள் தெரியாதே. ஓடெட், நீ கேட்டல்ல?"

"நல்லாக் கேட்டேன்," என்றாள் ஓடெட்.

லோர்னா தட்டினாள். மெஷின் கொஞ்சமும் தயங்கவில்லை. வென்டெல்: பூனைக்குச் சாப்பாடு. லோர்னா: பனி, பாத்திரம், குப்பை.

"அட, முதல் தடவையே எனக்கு அதிர்ஷ்டம்!" என்றாள் அவள். "இன்னொரு வாட்டி?" அதே அதிர்ஷ்டம். "இன்னும் ஒண்ணு?" அதிர்ஷ்டம் அலுக்கவே இல்லை.

"ஒரு சின்னத் திருத்தம் பண்ணணும்," என்றான் வென்டெல், கழுத்துப் பட்டனைத் தளர்த்தி.

"மூலம் இருந்தா ஒரு நிமிஷ வேலை," என்றான் அர்மான். "மூலம் இருக்கா?"

"ஐயோ," என்றாள் ஓடெட். "முதுகுவலின்னு மட்டும்தானே சொன்னாங்க!"

"அழிச்சுட்டேன்," என்றான் வென்டெல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

லோர்னா ஃபிளாப்பியை உருவித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். "இனிமே யாரும் கைவைக்க முடியாது. குளிர்காலம் முடியற வரைக்கும் இதுதான் தீர்ப்பு."

விருந்தினர் விடைபெற்றதும் வென்டெல் ஈனஸ்வரத்தில் கேட்டான்: "எப்படித் தெரிஞ்சுது?"

"நியாயத்துக்காகன்னா நீ நாற்காலியை விட்டே எந்திரிக்க மாட்ட. இதுக்காகப் பௌலிங்கையே விட்டுட்ட. அப்பவே தெரியும், உள்ள ஏதோ இருக்குன்னு." சொல்லிவிட்டு அவன் தலையைக் கோதினாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். நல்லா எழுதியிருக்க. ஒரு தடவைகூடத் தடுமாறலை பாரு."

பாராட்டு நிஜமானது. அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் காலை முழங்கால் அளவு பனி. அள்ளி, தள்ளி, நிமிர்ந்தான். நகராட்சி வண்டி வந்து வாசல் முனையில் மலையைக் கொட்டியது. அதையும் அள்ளினான். வேர்வையும் மூச்சுமாக, வேலை முடிந்த பெருமையோடு மண்வெட்டியை ஊன்றி நின்றபோது மாடி ஜன்னல் திறந்தது. பூனையை இடுப்பில் வைத்தபடி அவள் எட்டிப் பார்த்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்:

"லோர்னா! படிக்கட்டு ஓரத்துல கொஞ்சம் விட்டுட்ட பாரு!"