அகலமான லென்ஸும் செம்பூர் பார்ட்டியும்

ஆடி மாதக் கடைசியில் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என் மனைவியை நாள் முழுக்க வீட்டில் உட்கார வைத்துவிடுவது.

இதில் என்ன பெரிய சாதனை என்று கேட்பீர்கள். உங்களுக்குக் கோகிலவாணியைத் தெரியாது. மாட்டுங்காவில் ஒரு கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல். காலை ஆறு மணிக்குத் தாராவியை விட்டுக் கிளம்பினால் இரவு ஏழுக்குத் திரும்புவாள். எட்டுக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குக் குறட்டை. ஞாயிறு வந்தால் செம்பூரைத் தாண்டிச் சீத்தா கேம்ப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரே மகள் கல்யாணமாகி சூரத் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நானும் டேபிள் ஃபேனும்தான். அதுவும் நான் எதைச் சொன்னாலும் இல்லை இல்லை என்று தலையாட்டும் ரகம்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மற்ற மாதங்களில் ஊரான் வீட்டுக் கூட்டத்திலாவது நின்றுகொண்டிருப்பேன். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆடித் தள்ளுபடி என்றால் துணிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீடியோக்காரனையும் தள்ளித்தான் வைக்கிறார்கள். மூன்று வாரமாக எனக்கு வந்த ஒரே போன், கேஸ் சிலிண்டர் பதிவு செய்துவிட்டோம் என்று சொன்ன இயந்திரக் குரல். அதைக்கூட முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு லென்ஸ் ஞாபகம் வந்தது.

தாராவியில் வீடியோ எடுப்பவனுக்குப் பெரிய எதிரி சுவர். எல்லோரையும் படத்துக்குள் அடக்கப் பின்னால் போகப் போக, முதுகு சுவரில் முட்டிவிடும். அப்படியும் மாப்பிள்ளையின் பாதித் தோளும் அத்தையின் முழு உடம்பும் வெளியே நிற்கும். அகலமாகப் பிடிக்கிற ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால் நின்ற இடத்திலிருந்தே நாலு சுவரையும் அள்ளிவிடலாம். ஃபோர்ட் பக்கம் பழைய கேமரா சாமான் விற்கும் ஜெயினுலாப்தீன் பாயிடம் போனேன். மேலப்பாளையத்துக்காரர், நம்ம ஊர்ப் பக்கம்.

அவர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் பதினாறிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர். இந்தத் தொழிலில் நம்பர் குறையக் குறைய அகலம் கூடும். இல்லறம் மாதிரி, தலைகீழ்க் கணக்கு.

"அண்ணாச்சி, இது பெரிசு" என்றார். சுரைக்காய் அளவில் இருந்தது. "இருட்டு மண்டபத்திலயும் பளிச்சினு எடுக்கும். ஆனா கை கழண்டுரும். இந்தச் சின்னது இருக்குல்லா, வெளிச்சம் பாதிதான் வாங்கும். ஆனா ஜூம் பண்ணினா மூக்கு நீளாது, இருந்த நீளத்துலயே இருக்கும். கேமராவ ஸ்டாண்டுல மாட்டிக்கிட்டு நடந்தாலும் ஒரு பக்கமாச் சாயாது. வீடியோவுக்குன்னே செஞ்சது."

"எது நல்லது பாய்?"

"ரெண்டையும் கொண்டுட்டுப் போங்க. செவ்வாக்கிழமை ஒண்ணைத் திருப்பித் தாங்க. உங்க பழைய லென்ஸ மாத்திக்கிடுதேன்."

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சின்ன லென்ஸைப் போட்டுத் திரையைப் பார்த்ததும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். எங்கள் அறையா இது? பத்துக்குப் பன்னிரண்டு, கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே பஸ் ஓட்டலாம். இருந்த இடத்தை அகலமாகக் காட்டிய லென்ஸ், ஆள் இல்லாததையும் அதே அளவுக்கு அகலமாகக் காட்டியது. மகள் படித்த மூலை, மகள் புத்தகம் வைத்த பலகை, எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த உட்காரலில்தான் திட்டம் பிறந்தது.

ராத்திரி கோகிலவாணி சோறு போடும்போது ஆரம்பித்தேன்.

"செம்பூர்ல ஒரு பார்ட்டி வந்திருக்கு."

"ஆடியிலயா?"

"கல்யாணம் இல்ல. சின்ன ரூமுல ஒரு குடும்பம் எப்பிடி இருக்குன்னு வீடியோ கேக்காங்க. அதுக்குத்தான் லென்ஸ் பாத்துட்டு வந்தேன். ஜூம் லென்ஸ்."

"சும்மா இருக்க மனுசனுக்கு ஜூம் எதுக்கு?"

"அகலமா எடுக்கதுக்கு."

"அகலக்கால் வைக்காதிய. இருக்க லென்ஸுக்கு என்ன கேடு?"

"அதுல பாதிப்பேரு வெட்டுப்பட்டுப் போறாங்க."

"வெட்டுப்பட வேண்டிய ஆளுகளப் பாத்து ஓரத்துல நிறுத்துங்க."

விட்டுக்கொடுக்காமல் தொடர்ந்தேன். "வீடியோவுல ஒரு பொம்பள சமைக்கணும். புருசன் பக்கத்துல உக்காந்து பேசணும். பெறவு ரெண்டு பேரும் சேந்து சாப்பிடணும்."

"யாரு அந்தப் பொம்பள?"

"நீதான். வெளியாளுக்கு எங்க போவேன்?"

"எம்புட்டு நேரம்?"

"காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும். ஞாயித்துக்கிழமை."

அவள் ரசத்தைக் கலக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ரசத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னது கல்யாணத்துக்கு மட்டும்தான். அதுவும் அவள் அப்பா சொன்னது.

வெள்ளியும் சனியும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. செம்பூர் பார்ட்டியைப் பற்றி அவள் துருவித் துருவிக் கேட்டாள். பேர் என்ன, எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர். நான் சுப்புலக்ஷ்மி என்று ஒரு பெண்மணியை உண்டாக்கி, பாலக்காட்டுக்காரி என்று ஊரும் கொடுத்து, மாடியில் குடிவைத்தேன். அவள் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாங்கள் ஒரு விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

ஞாயிறு பிறந்தது. ஆவணி இரண்டு. ஷேவ் செய்துகொண்டேன். மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சட்டையை மாட்டினேன். கோகிலவாணி பட்டுச் சேலையில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் கேன்டீன் அண்டா.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு சாம்பாரா?"

"அகலமா எடுக்கப்போறிய. பாத்திரம் மட்டும் சின்னதா இருந்தா நல்லாருக்குமா?"

தொழில் அறிவு அவளுக்கும் இருக்கிறதே என்று பெருமைப்பட்டேன். கேமராவை வைத்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன பேசலாம் என்று யோசித்தேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. "மழை விட்டுட்டு" என்றேன்.

"ஆமா" என்றாள். "நல்லவேளை. இல்லன்னா அவங்க எப்பிடி வருவாங்க?"

"எவங்க?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய அக்கா விஜயராணி நுழைந்தாள். பின்னால் அவள் மகள் பானுமதி, தலை நிறைய பூவோடு. அதற்குப் பின்னால் சீத்தா கேம்ப்பில் பாதி. எல்லோர் கையிலும் தட்டு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை.

நான் கோகிலவாணியைத் தனியாக அழைத்தேன். அந்த அறையில் தனியாக என்றால் கதவுக்குப் பின்னால்.

"என்ன இது?"

"ரெண்டு பேர வச்சு டெஸ்ட் பண்ணினா அகலம் எங்க தெரியும்? அதான் ஆளு சேத்தேன்."

பத்து நிமிஷத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார். இங்கேயே தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்காரர்கள். பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் சரியில்லை, சீத்தா கேம்ப் வரை வர முடியாது, அதனால் விசேஷம் எங்கள் வீட்டில். இதை எனக்கு விளக்கியது மைனி விஜயராணிதான்.

"கோகிலா ஆனி மாசமே சொல்லிட்டா கொழுந்தனாரே. வீடியோ எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிடுவாருன்னு. நீங்கதான் ஒருக்கக்கூட இதப்பத்திப் பேசல."

எப்படிப் பேசுவேன்? எனக்கே அன்று காலைதான் தெரியும்.

இருபத்திரண்டு பேர். முதலில் பெரிய லென்ஸைப் போட்டேன். படம் அருமை. பானுமதியின் மூக்குத்தியில் இருந்த கல்லை எண்ணலாம். பத்தாவது நிமிஷம் என் வலது தோள் நடுங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா படத்தில் நிலநடுக்கத்தில் அகப்பட்டவர் போல ஆடினார். கழற்றிவிட்டுச் சின்னதைப் போட்டேன். வெளிச்சம் குறைந்தது. டியூப்லைட்டோடு வாசல் கதவையும் திறந்து வைத்தேன், சரியாகிவிட்டது. கதவோரம் நின்றபடியே இருபத்திரண்டு பேரையும் ஒரே மடக்கில் வாரிக்கொண்டது. ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் வீங்கித் தெரிந்தார்கள். ஒல்லியானவர்களை ஓரத்துக்கும் குண்டானவர்களை நடுவுக்கும் மாற்றினேன். நடுவில் இடம் போதவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அடுப்பருகே போனேன்.

"அப்போ செம்பூர் பார்ட்டிக்கு நான் என்ன சொல்ல?"

அவள் திரும்பாமலே அப்பளம் பொரித்தாள். "இல்லாதவங்களுக்கு என்னத்தச் சொல்லணும்? சும்மா இருங்க."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"நீங்க ஒரு ஆளுக்கு வேல செய்யப் போறியன்னா, அந்த ஆள அஞ்சு நிமிசமாவது திட்டுவிய. இந்த சுப்புலக்ஷ்மிய மூணு நாளா ஒரு சொல்லு சொல்லல."

நான்கு மணிக்குக் கூட்டம் கிளம்பியது. கோகிலவாணி கையில் ஒரு பை. இந்தப் பையையும் நான் கவனிக்கவில்லை, வீடியோக்காரன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

"கேன்டீன்ல ஒரு வாரம் லீவு சொல்லிருக்கேன். அக்காவுக்குக் கல்யாண வேல இருக்கு. சாம்பார் மிச்சமிருக்கு, நாளைக்கும் வரும். நீங்க எடிட்டிங் பண்ணுங்க."

ஒரு நாள் கேட்டவனுக்கு ஒரு வாரம் கிடைத்தது. மறுபக்கமாக.

திங்கட்கிழமை உட்கார்ந்து எடிட் செய்தேன். திரையில் வீடு நிறைய ஆள். சிரிப்பு, குழந்தை அழுகை, யாரோ யாரையோ தண்ணீர் கேட்கிறார்கள். நிறுத்தினால் டேபிள் ஃபேன் சத்தம். அதனால் நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்தேன். அவளைத் தேடினேன். ஒரு இடத்தில் கரண்டி, ஒரு இடத்தில் முந்தானை. ஆள் இல்லை. கடைசியில் ஒரே ஒரு காட்சியில் வலது ஓரத்தில் இருந்தாள். எல்லோரும் பானுமதியைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் கேமரா பக்கம் பார்க்கிறாள். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் சாப்பிட்டேனா என்று பார்ப்பது போல. லென்ஸ் கோளாறில் கன்னம் கொஞ்சம் அகன்றிருந்தது. பழைய லென்ஸாக இருந்தால் அவள் படத்துக்கு வெளியே போயிருப்பாள். அந்தக் காட்சியை அப்படியே நிறுத்தி வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து நேற்றைய சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய லென்ஸைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"சின்னதே போதுமா அண்ணாச்சி? வெளிச்சம் கம்மியாச்சே."

"ஓரத்துல நிக்கிற ஆளும் தெரியுது பாய். அது போதும்."

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேல் முடியவில்லை. வெட்கத்தை விட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன்." டேபிள் ஃபேனை அணைத்தேன். "கோகிலா, வீடு ஒரு மாதிரியா இருக்கு. நானும் அங்கன வரட்டுமா? ரெண்டு நாளைக்கு."

அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவுவது மட்டும் கேட்டது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை. "உங்கள விட்டுட்டு இங்கன எனக்கும் ஓடல. இன்னைக்கே வந்துருங்க."

நீலச் சட்டையைத் தேடி எடுத்தேன். ஒரு கையை நுழைத்தபோது அவள் தொடர்ந்தாள்.

"வரும்போது கேமராவையும் எடுத்துட்டு வாங்க. நாளைக்கு அடுத்த வீட்டுப் புள்ளைக்குக் காது குத்துறாங்க. நீங்க வருவியன்னு திங்கக்கிழமையே சொல்லிட்டேன்."